கூப்பிட்டதும் வருகிறவர்கள்

மறுவாழ்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு, சேர்ந்த வாரமே ஒரு கட்டுப் படிவத்தைக் கையில் திணித்திருப்பார்கள். எனக்கும் திணித்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும்: "குடும்பம் நிலைபெற்றுவிட்டதா?" அதற்குக் கீழே ஒரு கட்டம்: "ஆதாரம்?" ஒரே ஒரு குடும்பத்தின் படிவத்தில் மட்டும் அந்த இரண்டையும் நான் இரண்டு வருஷம் நிரப்பவில்லை. ஆபீசில் என்னைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். ஏன் நிரப்பவில்லை, கடைசியில் எப்படி நிரப்பினேன் என்பதை இப்போது சொல்கிறேன். இதில் என் பெருமை எதுவும் இல்லை. பெரும்பாலும் என் மடத்தனம்தான்.

நான் அப்போது திருச்சுழிப் பக்கம் கிராம சேவிகா. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி வைத்து, புகையில்லாத அடுப்பு எப்படிப் போடுவது, பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று தொண்டை கிழியப் பேசுகிற வேலை. "சேவிகாம்மா வந்துட்டாகடி, ஓடுங்க" என்று சிரித்துக்கொண்டே கதவை மூடுவார்கள். அதோடு, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களையும் பார்த்துக்கொள் என்று என் தலையில் கட்டினார்கள்.

முதலில், அறுபதுகளில், வந்தவர்கள் பர்மாக்காரர்கள். அவர்களோடு எனக்குக் கஷ்டமே இருந்ததில்லை. கஷ்டம் இருந்ததில்லை என்றால், தினமும் சண்டை இருந்தது என்று அர்த்தம். ரங்கூனில் கடை வைத்திருந்த ஒருவர் காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நிற்பார். "எனக்கு இடம் எங்க? எனக்கு லோனு எங்க? நான் அங்க எப்பிடி இருந்தவன் தெரியுமா?" என்று மேஜையைத் தட்டுவார். தட்டித் தட்டியே அருப்புக்கோட்டை டவுனில் ஒரு கடையை வாங்கிவிட்டார். அந்த மனுஷனிடமிருந்து நான் ஒரு தப்பான பாடத்தைப் படித்துக்கொண்டேன். தேவை இருக்கிறவன் வந்து கேட்பான், கேட்காதவனுக்குத் தேவை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எழுபதுகளில் சிலோன்காரர்கள் வந்தார்கள். மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். காகிதத்தில் அவர்களுக்குப் பெயர் தாயகம் திரும்பியோர். தாயகமாவது மண்ணாங்கட்டியாவது! பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினான் என்று பாஸ்போர்ட்டில் எழுதியிருந்ததோ அந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் சின்னச்சாமியின் குடும்பம் பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. சின்னச்சாமி, பெண்டாட்டி ராமாயி, பதின்மூன்று வயது மகள் செல்வி, அதற்குக் கீழே இரண்டு பயல்கள். பாட்டன் பெயரைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ராமாயி சுற்றிலும் பார்த்தாள். கரிசல் காடு, வேலிமுள், வெயில். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மேடுகூட இல்லை.

"இந்தப் பக்கம் மலையே இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப மழை எங்கிருந்துங்க வரும்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஊர்க் கோடியில் ஒரு குடிசைக்கு ஏற்பாடு செய்தேன். அது பருத்தி வெடிக்கிற மாசம். எந்தக் காட்டைப் பார்த்தாலும் வெள்ளையாகக் கிடந்தது. ஆள் பற்றாக்குறை. ஊரில் பருத்தி எடுக்கப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் பேச்சியம்மா என்று ஒருத்தி. வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. அவளிடம் சொன்னேன்: "புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு. அவுகளையும் சேத்துக்க." அவளும், "வரச் சொல்லுங்க, வேண்டாம்னா சொல்லப் போறேன்?" என்றாள். ராமாயியிடம் வந்து, "வேலை சொல்லியாச்சு, நாளையிலேருந்து போ" என்றேன். "சரிங்க" என்றாள். என் வேலை முடிந்தது என்று பஸ் ஏறிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் போனேன். பேச்சியம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நல்ல ஆளுகளக் கொண்டுவந்து விட்டீக! ஒரு நா கூட வேலைக்கு வரல. வெடிய வெடியக் குளிச்சு, தலையில துணியக் கட்டிக்கிட்டு, குடிசைக்கு முன்னால வரிசையா நிக்காக. நாங்க அந்த வழியாத்தான காட்டுக்குப் போறோம்? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டாக. கப்பல்ல வந்தவுகல்ல, கர்வம்!"

எனக்கு எப்போதுமே கோபம் மூக்குக்கு மேலே. நேரே குடிசைக்குப் போனேன். அடுப்பில் பூனை படுத்திருந்தது. பிள்ளைகளின் முகம் வாடிக் கிடந்தது. அதைப் பார்த்தும் நான் ஏன் என்று கேட்கவில்லை, கத்தினேன். "வேலைக்குப் போன்னு சொன்னா வாசல்ல நின்னு வேடிக்கை பாக்குறீங்களா? ஒங்கள வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?" என்றேன். சின்னச்சாமி கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். ராமாயி மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராமாயி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இல்லாமல் போனது.

இதற்கு மேல்தான் நான் செய்த பெரிய தப்பு. ஆபீசுக்கு ஒரு ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் டைரி, மரியாதையான பேச்சு. மேற்கு மலையில் மரம் வெட்டுகிற காண்டிராக்டரிடம் வேலை பார்ப்பதாகச் சொன்னான். "சிலோன்காரவுக இங்க வெயில்ல கெடந்து என்னம்மா செய்வாக? மலை வேலை அவுகளுக்குப் பழகின வேலை. வீடு தாரோம், அரிசி தாரோம்" என்றான். எனக்குத் தலையிலிருந்து பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒரு தாளை எடுத்து, சின்னச்சாமி, ராமாயி, செல்வி, மணி, ராசு என்று என் கையாலேயே எழுதி, ஊர் பெயரும் போட்டுக் கொடுத்தேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே அழுக்குத் துணி சுற்றிய ஒருத்தர், "மண்டபம் கேம்புக்கு எந்த பஸ்ஸுங்க?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைக்கிற கேம்ப் அது. பேச்சிலேயே தெரிந்தது, சிலோன் மலைக்காரர். என்ன ஆச்சு காலுக்கு என்று கேட்டேன். மரம் விழுந்ததாம். எங்கே என்று கேட்டேன். அந்த மலையின் பெயரைச் சொன்னார். என்னிடம் வந்தவன் சொன்ன அதே மலை.

"பொண்டு புள்ளைங்க அங்கதாங்க இருக்கு. நான் மட்டும் ராவுல நழுவி வந்தேன். கேம்புல யாருகிட்டயாவது சொன்னா ஆள் அனுப்புவாங்கன்னு போறேங்க. சின்னப் புள்ளைங்ககூட மரப்பட்டை சொமக்குதுங்க. கீழ போறேன்னு சொன்னா அடிக்கிறாங்க."

"லாரியில கூட்டிப்போனாங்களா?"

"மேல ஏத்தத்தாங்க லாரி வரும். எறக்கிவிட வராதுங்க" என்றார்.

பஸ் செலவுக்குக் கையில் இருந்ததைக் கொடுத்து அவரை ஏற்றிவிட்டேன். பரளச்சிப் பக்கம் கடைசி பஸ் போய்விட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையெழுத்தில் எழுதிய அந்த ஐந்து பெயரும் கண் முன்னாலேயே நின்றது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

ஊருணிக் கரையில் லாரி நின்றது.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பார்த்துவிட்டேன். குடிசை வாசலில் ஐந்து பேரும் வரிசையாக நிற்கிறார்கள். குளித்து, தலையில் துணி கட்டி. எதிரே அந்த வெள்ளைச் சட்டைக்காரன், கையில் என் தாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறான். "சின்னச்சாமி!" "ஐயா" என்று ஒரு அடி முன்னால் வைத்து, நேரே போய் லாரியில் ஏறுகிறான் சின்னச்சாமி. "ராமாயி!" "ஐயா." பிள்ளைகள் முகத்தில் அத்தனை நாளாக நான் பார்க்காத ஒரு தெளிச்சி. அட பாவி மகளே, இதற்குத்தானா இவர்கள் தினமும் நின்றார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாராவது வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று நின்றிருக்கிறார்கள். ஊரில் யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இவன் வந்து கூப்பிட்டான்.

ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஐந்து பேரும் ஏறிவிட்டார்கள். லாரியில் ஏற்கெனவே வேறு எங்கிருந்தோ ஏற்றி வந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எறக்கு இவுகள" என்றேன் அவனிடம்.

"என்னம்மா இது! நீங்க குடுத்த லிஸ்டு. ஒங்க கையெழுத்து." தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

லாரிப் பக்கம் திரும்பி, பஸ் ஸ்டாண்டில் கேட்டதையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னேன். கால் உடைந்தவர், பட்டை சுமக்கிற பிள்ளைகள், அடி, எல்லாவற்றையும் சொன்னேன். சின்னச்சாமி குனிந்துகொண்டே, "அங்க குளுருமுன்னாருங்க" என்றான். அவ்வளவுதான் அவன் பதில். வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர் ஒருத்தர், "விடுங்கம்மா, போகட்டும். இங்க இருந்து மட்டும் என்ன வாழுது?" என்றார். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

அந்த இடத்தில் என்னிடம் எந்த அதிகாரமும் இல்லை. சேவிகாவுக்கு லாரியை மறிக்க என்ன உரிமை? போலீசைத் தேடி ஓடினால் திரும்புவதற்குள் லாரி விருதுநகரைத் தாண்டியிருக்கும். கெஞ்சிப் பார்த்தாயிற்று, காது கேட்கவில்லை. யோசிக்கவெல்லாம் இல்லை. அவன் நீட்டிய தாளை வெடுக்கென்று பிடுங்கினேன். லாரிக்கு எதிரே நேராக நின்று, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி குரலை உயர்த்தினேன்.

"சின்னச்சாமி!"

"ஐயா" என்றான். வாயில் தன்னால் வந்தது. எழுந்து நின்று, இறங்கிவிட்டான்.

"செல்வி! மணி! ராசு!"

மூன்றும் குதித்தன.

"ராமாயி!"

அவள் எழுந்தாள். உடனே இறங்கவில்லை. என்னையே பார்த்தாள். அன்று குடிசையில் பார்த்தாளே, அதே பார்வை. பிறகு மூட்டையைக் கீழே போட்டுவிட்டு இறங்கினாள். வெள்ளைச் சட்டைக்காரன் கேவலமாக ஏதோ திட்டிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டான். கிளம்பிய லாரியின் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களையும் கூப்பிட்டிருப்பேன். அன்றைக்கே தாலுகா ஆபீசில் போய் எழுதிக் கொடுத்தேன், பல நாள் போய் நின்றேன். இரண்டு குடும்பம் கீழே வந்துவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். மற்றவர்களைப் பற்றி இன்றுவரை எனக்குத் தெரியாது. அது என் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது.

இந்த இடத்தில் நீங்கள் கை தட்டிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெரிய சாதனை செய்துவிட்ட நினைப்பில் குடிசை வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன். ராமாயி செம்பை நீட்டிவிட்டுச் சொன்னாள்:

"அவரு கூப்புட்டாரு, ஏறினோம். நீங்க கூப்புட்டீங்க, எறங்கினோம். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

செம்பைக் கீழே வைத்தேன். அழுகை வந்தது. சேவிகாம்மா அழலாமா என்று நினைக்கவில்லை, அழுதேன். அப்புறம்தான் கேட்டேன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை.

"தெனமும் ஏன் வரிசையா நின்னீங்க ராமாயி?"

அவள் சொன்னாள். தோட்டத்தில் விடிவதற்கு முன்னாலேயே எல்லோரும் களத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டுமாம். அதற்குப் பெரட்டு என்று பெயர். கங்காணி பெயர் கூப்பிட்டு, நீ இந்த மலை, நீ அந்த மலை என்று பிரித்து அனுப்புவானாம். பெயர் கூப்பிடாதவர்களுக்கு அன்று வேலை கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கும் வேலை கொடு என்று வாய்விட்டுக் கேட்டால் கங்காணிக்குக் கோபம் வரும், மறுநாளும் பெயர் வராது. அவளுடைய ஆத்தாளும் அப்படித்தான் நின்றாள், ஆத்தாளின் ஆத்தாளும் அப்படித்தான்.

"நீங்க 'நாளையிலேருந்து போ'ன்னீங்க. எங்க போய் நிக்கணும்னு சொல்லலீங்க. வீட்டு முன்னால நின்னோம்."

நான் பேச்சியம்மாவைக் கூப்பிட்டு வந்து, அவளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் திரும்பச் சொல்லச் சொன்னேன். பேச்சியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தாடி! கர்வம்னுல்ல நெனச்சோம்! இந்தா பாரு தாயி, இங்க எவளும் எவளையும் பேரு கூப்புட மாட்டா. முந்தின நா அந்திக்கி வந்து 'நானும் வாரேன்'னு ஒரு வார்த்தை சொல்லணும். வரலன்னா 'நாளைக்கு வரல'ன்னு சொல்லணும். அம்புட்டுத்தான். சொல்லு பாப்போம், 'நானும் வாரேன் பேச்சியக்கா'ன்னு."

ராமாயிக்கு வாய் வரவில்லை. மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் நிறுத்தினாள். நாலாவது தடவை சொல்லிவிட்டாள். செல்வி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

பருத்திக் காட்டில் முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். நம் ஊர்ப் பெண்கள் இடுப்பில் மடி கட்டி, ஒரு கையால் செடியைப் பிடித்து, மறு கையால் பஞ்சை மட்டும் உருவுவார்கள். ராமாயி துணியைத் தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுவதுபோலப் படபடவென்று கிள்ளி முதுகுக்குப் பின்னால் போட்டாள். வேகம் என்றால் வேகம்! பஞ்சோடு காய்ந்த தோடு, சருகு, காம்பு எல்லாம் சேர்ந்து வந்தது. "ஏடி, செடியவே மொட்டையடிச்சிட்டா! இத டவுனுக்குக் கொண்டுபோனா ஏவாரி மூஞ்சியில எறிவான்" என்று பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்று முழுக்க எல்லோரும் சிரித்தார்கள். ராமாயி ராத்திரி அழுதாளாம். ஆனாலும் சாயங்காலம் போய் "நாளைக்கும் வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதிருக்கிறாள்.

ஒரு மாசத்தில் சருகு போயிற்று, வேகம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இரண்டு கையாலும் சுத்தமான பஞ்சு எடுக்கிற ஒரே ஆள் அந்தப் பக்கத்தில் அவள்தான். சின்னச்சாமி கிணறு வெட்டுகிற ஆட்களோடு சேர்ந்துகொண்டான். செல்வியைப் பரளச்சியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன்.

அப்போதும் நான் அந்தப் படிவத்தை நிரப்பவில்லை. "வேலை இருக்கு, குடிசை இருக்கு, பிள்ளை படிக்குது, இன்னும் என்னம்மா வேணும் ஒங்களுக்கு?" என்று ஆபீசில் கத்தினார்கள். என்னால் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால், நான் எப்போது போய் "ராமாயி" என்று கூப்பிட்டாலும், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த லாரிதான் ஞாபகம் வரும்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. மறுபடியும் பருத்தி வெடித்த சமயம். மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார், திரும்பி வந்த குடும்பங்களையெல்லாம் பதினோரு மணிக்கு ஆபீஸ் முன்னால் வரிசையாக நிறுத்திவை என்று எனக்கு உத்தரவு. வரிசையாக! பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அவசரத்தில் என் புத்தி மறுபடியும் பழைய இடத்துக்கே போய்விட்டது. தெருவில் நின்றபடியே குரல் கொடுத்தேன்.

"ராமாயி! கெளம்பு, கெளம்பு! பெரிய ஆபீசர் வாராரு. புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வா!"

அவள் வாசலில் தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடிக்கிற வரைக்கும் திரும்பவில்லை. முடித்துவிட்டு நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஏலாதும்மா. காடு பூரா வெடிச்சுக் கெடக்கு. பேச்சியக்காகிட்ட வாரேன்னு சொல்லிட்டேன்."

"என்னடி இது, கலெக்டர் மாதிரி ஆளு வாராக..."

"அவுகள அந்திக்கி இங்க வரச் சொல்லுங்க. தேத்தண்ணி போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டிக் காட்டுப் பக்கம் நடந்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்த பேச்சியம்மா, "ஏட்டி, வாரியா இல்லியா?" என்று கத்தினாள். "வாரேன், வாரேன், செத்த நில்லு!" என்று இவள் கத்தினாள்.

நான் தெருவில் தனியாக நின்றேன். கோபம் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருமாதிரி பார்த்தாள்.

ஆபீசில் நல்ல மண்டகப்படி. ஒரு குடும்பத்தைக் கூட்டிவரத் துப்பில்லாத நீயெல்லாம் என்ன சேவிகா என்று எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எல்லாம் ஓய்ந்த பிறகு பீரோவைத் திறந்து, மூலையில் கிடந்த அந்தப் படிவத்தை எடுத்துத் தூசி தட்டினேன். "குடும்பம் நிலைபெற்றுவிட்டதா?" என்ற இடத்தில், "நிலைபெற்றுவிட்டது" என்று எழுதினேன். "ஆதாரம்?" என்ற கட்டத்தில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:

"இன்று காலை நேரில் போய்க் கூப்பிட்டேன். வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்."